பழைய செட்டிங் அப்படியே இருக்கும்

அந்த வட்டாரத்தில் யார் வீட்டில் இன்டர்நெட் படுத்துக்கொண்டாலும் முதலில் கூப்பிடுவது நெட்டுக்காரரைத்தான். அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை, கூப்பிடத்தான் ஆள் இல்லை. கம்பெனிக்கு போன் போட்டால் பாட்டைப் போட்டுக் காக்க வைப்பார்கள். நெட்டுக்காரர் அரை மணியில் ஏணியும் தோள்பையுமாக வாசலில் நிற்பார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வாய்தான் கொஞ்சம் நீளம், மூக்குக்கு மேலே கோபம் வேறு.

"வைஃபை வேற, இன்டர்நெட் வேற. முதல்ல அதைப் புரிஞ்சுக்கங்க" என்றுதான் எந்த வீட்டிலும் ஆரம்பிப்பார். "தெருக் கம்பத்துல இருந்து தலைமுடி கனத்துல ஒரு கண்ணாடி இழை வருதா? அதுக்குள்ள வெளிச்சமா ஓடி வருது பாருங்க, அதுதான் இன்டர்நெட். இந்தச் சின்னப் பெட்டி அந்த வெளிச்சத்தை வாங்கி நம்ம மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக் கொடுக்குது. இதோ கொம்பு முளைச்ச பெட்டி இருக்கே, ரௌட்டர், இது அதை வாங்கி வீட்டுக்குள்ள பங்கு வைக்குது. கொம்புல இருந்து உங்க போன் வரைக்கும் காத்துல போறதுதான் வைஃபை. வெளிய இழை அறுந்து கிடந்தா, இவனைத் தட்டித் தட்டி என்ன பிரயோஜனம்?"

ஒரே நேரத்தில் இத்தனை போன் எப்படி ஓடுகிறது என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு, மனிதர் உட்கார்ந்துவிடுவார். "வீட்டுக்குள்ள வர்ற ஒவ்வொண்ணுக்கும் ரௌட்டர் டோக்கன் மாதிரி ஒரு நம்பர் கொடுக்கும். கேட்டது யாரு, அனுப்ப வேண்டியது யாருக்குன்னு அந்த நம்பரை வச்சுத்தான் கணக்கு. இல்லன்னா உங்க மாமியார் கேட்ட பாட்டு உங்க போன்ல வந்து பாடும். பரவாயில்லையா?"

பெட்டியை எங்கே வைப்பது என்பதில் அவரிடம் பேச்சுக்கே இடமில்லை. வீட்டின் நடுவில், மேசைக்கு மேலே. பிரிட்ஜுக்குப் பின்னால் வைத்தால் திட்டு. மீன் தொட்டி பக்கத்தில் வைத்தால் இரண்டு மடங்கு திட்டு, தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடும் என்பார். ஜன்னலோரம் வைத்தவர்களைப் பார்த்தால், "ஊருக்கு தானம் பண்றீங்களா?" என்று கேட்டு, தன் கையாலேயே பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுத்தான் நகர்வார்.

இவ்வளவு பேசுகிறவர் வீட்டில் பெட்டி எங்கே இருந்தது தெரியுமா? முன்னறை ஜன்னலில். கொம்பு மூன்றும் தெருவைப் பார்த்து. பாதி சிக்னல் எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தத்துக்குத்தான் போனது. சமையலறையில் அவர் மனைவிக்கு ஒரு வீடியோ முழுசாக ஓடாது. அந்த அம்மாள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. பெட்டி ஏன் அங்கே இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும்.

அவர்களுக்கு ஒரே மகள். வீட்டில் வாலு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட பெயர், அதையே தன் போனுக்கும் வைத்திருந்தாள். ரௌட்டர் பக்கத்தைத் திறந்தால் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் "வாலு" என்று வரும். அவள் வேலையிலிருந்து திரும்பித் தெருவில் வரும்போதே அவள் போன் வைஃபையில் ஏறிவிடும். இவர் உள்ளே லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே, "வாலு வந்தாச்சு, டீயைப் போடு" என்று குரல் கொடுப்பார். அழைப்பு மணி அடிப்பதற்குள் டீ தயாராக இருக்கும். இந்த ஒரு விளையாட்டில் அப்பனுக்கும் மகளுக்கும் அத்தனை பெருமை.

அந்தப் பெண் ஒருத்தனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அவன் முன்பே ஒருமுறை மணமாகி விலகியவன். அவ்வளவுதான், மனிதர் தாம்தூம் என்று குதித்தார். சொல்லக் கூடாததையெல்லாம் சொன்னார். "உனக்கு வேற ஆளே கிடைக்கலையா, ஒருத்தி வேண்டாம்னு விட்டதுதான் கிடைச்சுதா?" என்று அவர் கேட்டபோது மகள் பையை எடுத்துத் துணியை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். மற்ற அப்பாக்கள் கையை ஓங்குவார்கள், இல்லை வாசலைக் காட்டுவார்கள். நெட்டுக்காரர் என்ன செய்தார்? லேப்டாப்பைத் திறந்தார்.

ஒவ்வொரு போனுக்கும் பிறக்கும்போதே ஒரு எண் உண்டு, ரௌட்டர் கொடுக்கும் டோக்கன் மாதிரி மாறிக்கொண்டிருக்காது. அந்தப் பிறவி எண்ணைத் தடுப்புப் பட்டியலில் போட்டுவிட்டால், பாஸ்வேர்டு தெரிந்திருந்தாலும் அந்தப் போன் உள்ளே வர முடியாது. நெட்டுக்காரர் "வாலு"வின் எண்ணைத் தேடி அதில் போட்டார்.

"பிளாக் பண்ணிட்டேன்" என்றார். "இந்த வீட்டு வைஃபைல கூட உனக்கு இடம் இல்ல, போ."

மகள் செருப்பை மாட்டிக்கொண்டே தன் போனைப் பார்த்தாள். வைஃபை அடையாளம் போயிருந்தது. அவளுக்கும் அப்பாவின் ரத்தம்தானே, சளைப்பாளா?

"சரிப்பா. நீங்க எப்ப பிளாக்கை எடுக்கறீங்களோ அப்ப வர்றேன். நீங்க சொல்லக்கூட வேண்டாம். வாசல்ல வந்து நின்னா என் போனே சொல்லிடும். ஏறிச்சுன்னா உள்ள வர்றேன். ஏறலன்னா பெல்லைக்கூட தொடமாட்டேன்."

"பார்க்கலாம்" என்றார் இவர். அம்மா நடுவில் நின்று இருவர் கையையும் பிடித்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே அச்சு, யார் கேட்பது?

அவள் போன பிறகு மனிதர் ஒரு காரியம் செய்தார். அது கோபத்தில் செய்ததுகூட இல்லை, கைப்பழக்கம். இருபது வருடமாக இந்த வேலையில் இருப்பவர் ரௌட்டரில் எதை மாற்றினாலும், மாற்றியதும் மொத்த செட்டிங்கையும் ஒரு கோப்பாகச் சேமித்து வைப்பார். பேக்கப். பெட்டி புகைந்து போனாலும் புதுப் பெட்டியில் அந்தக் கோப்பை ஏற்றினால் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் பழையபடி நிற்கும். அன்றைக்கும் சேமித்துவிட்டுத்தான் லேப்டாப்பை மூடினார்.

பத்தே நாள். பத்து நாளுக்கு மேல் அந்த மனிதரால் வீறாப்பாக இருக்க முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய், கண்ணீர் மறைக்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டே தடுப்புப் பட்டியலிலிருந்து அந்த எண்ணை நீக்கினார். மனைவி பின்னால் நின்று தோளைத் தொட்டாள்.

"எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்டி. எடுத்துட்டேன்."

அன்றைக்கு பேக்கப் எடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

மகளின் எண்ணுக்கு போன் போட்டார்கள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. அவள் வேலை பார்த்த இடத்தில் கேட்டார்கள். மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாளாம், எங்கே என்று சொல்லவில்லை. கல்யாணம் முடிந்த செய்திகூட மூன்றாம் மனிதர் வாயிலாகத்தான் வந்தது. இனி அவளாக வந்தால்தான் உண்டு. பெட்டி ஜன்னலுக்கு வந்தது அப்போதுதான்.

"சிம் மாறினா என்ன, போன் அதேதான் வச்சிருப்பா" என்று மனைவிக்குச் சமாதானம் சொல்வார். "ஒரு வைஃபையை ஒரு தடவை தெரிஞ்சுக்கிட்டா ஆளு மறந்தாலும் போன் மறக்காது. பக்கத்துல வந்தா தானா கதவைத் தட்டும், விடாம தட்டும். 'இதை மறந்துடு'ன்னு அவளே அழுத்தினாத்தான் நிறுத்தும். நம்ம வாலு அதைச் செய்வாளா?"

"செய்யமாட்டா" என்பாள் அவள்.

அதற்காகத்தான் வைஃபை பெயரை மாற்றவில்லை, பாஸ்வேர்டை மாற்றவில்லை. வேலையிலிருந்து வந்ததும் கால் கழுவுவதற்கு முன் இணைந்த கருவிகளின் பட்டியலைத் திறப்பார். பழையது முழுவதும் அதில் இருக்கும், எந்தக் கருவி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று. அவர் போன், மனைவி போன், டிவி. மனைவி சமையலறையிலிருந்து கேட்பாள், "வந்தாளா?" இவர், "இன்னைக்கு இல்ல" என்பார். மூன்று வருடம், ஒரு நாள் விடாமல், இதே இரண்டு வரி.

இடையில் ஒரு கோடை மழையில் இடி விழுந்து பெட்டி கருகிவிட்டது. மனிதர் பதறிப்போய், கடை திறந்ததும் ஓடி, அதே மாடல் வாங்கி வந்து, பழைய பேக்கப் கோப்பை ஏற்றினார். மனைவியிடம் சொன்னார், "ஒண்ணும் மாறல. பழைய செட்டிங் அப்படியே இருக்கு." எல்லா வீட்டிலும் பெருமையாகச் சொல்லும் அதே வசனம்தான்.

இந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும், மனைவி மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்து சொன்னாள், "எதிர்ல பஸ் நிறுத்தத்துல ஒருத்தி தோள்ல கைக்குழந்தையோட நிக்கறா. மூணு பஸ் வந்து போயிடுச்சு, ஏறாம நிக்கறா. குடைக்குள்ள முகமும் தெரியல. வெயில் இப்படிக் கொளுத்துது, உள்ள வந்து உட்காரச் சொல்லட்டுமா?"

இவர் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். ஞாயிறென்றால் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டேதான் உட்கார்ந்திருப்பார். தலையைத் தூக்கவில்லை. "அவங்க பஸ் வரலையாக்கும். நமக்கு எதுக்கு ஊர் வம்பு, சும்மா இரு" என்றார். அவளும் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அதற்கு ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வீட்டிலிருந்து அழைப்பு. வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் மகனின் போனில் மட்டும் வைஃபை ஏறவில்லையாம். டீச்சரம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா பெட்டி மாட்டினே? ஊரான் போனெல்லாம் ஏறுது, நான் பெத்தவன் போன் ஏறமாட்டேங்குது!"

நெட்டுக்காரர் சிரித்துக்கொண்டே ரௌட்டர் பக்கத்தைத் திறந்தார். இணைந்தவற்றின் பட்டியலில் பையன் போன் இல்லை. தடுப்புப் பட்டியலைத் திறந்தார். இருந்தது.

"டீச்சர், நீங்கதான் பிளாக் பண்ணி வச்சிருக்கீங்க."

டீச்சரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். "அட, அது ரெண்டு வருஷத்துக் கதை. இவன் போன்ல என்னமோ வாயில நுழையாத பேரு. பக்கத்து வீட்டுக்காரன்தான் நம்ம நெட்டைத் திருடறான்னு நெனச்சு அமுக்கிட்டேன். நடுவுல நீ வந்து பெட்டியைப் பார்த்துட்டுப் போனே. அப்புறம் விஷயம் தெரிஞ்சு அந்த வாரமே எடுத்துவிட்டேனே! போன தடவை வந்தப்ப நல்லா ஏறிச்சே!"

"எடுத்திருந்தா எப்படி இதுல இருக்கும்?"

"அதை என்கிட்ட கேளு! போன மாசம் பெட்டியை மாத்தினது யாரு? 'பழைய செட்டிங் அப்படியே போட்டுட்டேன் டீச்சர், ஒரு புள்ளி மாறாது'ன்னு மார் தட்டினது யாரு? எந்தக் காலத்துப் பழசைப் போட்டியோ!"

"எந்தக் காலத்துப் பழசு?" என்று நெட்டுக்காரர் தனக்குத்தானே முணுமுணுத்தார். டீச்சரம்மா அவர் முகத்தைப் பார்த்து பயந்துபோய், "விளையாட்டுக்குத்தான்யா திட்டினேன், தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டார். அவர் அந்தப் பையனின் எண்ணைத் தடுப்பிலிருந்து எடுத்தார். இரண்டு முறை தப்பாக அழுத்தினார். ஏணியை அங்கேயே போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மத்தியானம் இரண்டு மணி. மனைவி கதவைத் திறந்தாள், "என்னங்க, உடம்புக்கு முடியலையா?" என்றாள். அவர் செருப்போடு உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தார். மூன்று வருடமாகத் தினமும் திறந்தது இணைந்தவர்களின் பட்டியலை. தடுக்கப்பட்டவர்கள் வேறு பக்கத்தில் இருப்பார்கள். எடுத்துவிட்டேன் என்று நம்பிய ஆள் அந்தப் பக்கம் ஏன் போகப்போகிறார்? இன்று போனார்.

ஒரே ஒரு வரி. வாலு.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். மெதுவாக இல்லை, ஓங்கி அடித்துக்கொண்டார். மனைவி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"ஐயோ, என்ன ஆச்சுன்னு சொல்லுங்க!"

"நான் எடுத்தேன்டி. நீதான் பார்த்தியே, எடுத்தேனா இல்லையா? இடி விழுந்து பெட்டி போச்சே, அப்ப பேக்கப்பை ஏத்தினேனே, அது பிளாக் பண்ண அன்னைக்கு எடுத்த பேக்கப்புடி. எடுத்ததுக்கப்புறம் நான் பேக்கப்பே எடுக்கலடி. திரும்ப அவளை பிளாக் பண்ணிட்டேன். என் கையாலேயே."

அவளுக்கு முழுசாகப் புரியவில்லை. புரிந்த அளவே போதுமாக இருந்தது. "கோபத்தைச் சேர்த்து வச்சீங்க, மன்னிச்சதைச் சேர்த்து வைக்கலயா?" என்று கேட்டாள். திட்டுவதற்காகக் கேட்கவில்லை பாவம், கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

தடுப்புப் பக்கத்தின் அடியில் இன்னொரு பட்டியல் உண்டு. தடுக்கப்பட்ட போன் கதவைத் தட்டித் திருப்பி அனுப்பப்பட்ட நாளும் நேரமும். கடைசி நூறு வரிகள்தான் நிற்கும், அதற்கு முந்தியவை அழிந்துகொண்டே போகும். அதைத் திறந்தார்.

நூறு வரியும் நிறைந்திருந்தது. நூறும் வாலுதான்.

போன வருடத்தில் ஒரு நாள், அவர் வேலையாக வெளியூர் போயிருந்த நாள். இந்த வருடம் அம்மாவின் பிறந்தநாள், மாலை ஐந்திலிருந்து ஐந்தரை வரை. கடைசியாக ஒரு ஞாயிறு. 10.38, 10.40, 10.41, 10.43. நிமிடத்துக்கு ஒன்று, இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்று முப்பத்தோரு தடவை. 11.25 வரை.

"ஒன்பது நாள் முந்தி ஞாயித்துக்கிழமை" என்று படித்தார்.

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "குடை" என்றாள். "ஐயோ, குடை பிடிச்சுக்கிட்டு நின்னாளே. அவளா அது? என் கண்ணு அவிஞ்சு போச்சா? அந்தக் குழந்தை..." சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு வாயில் முந்தானையை வைத்து அழுதாள். எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தத்துக்கு நாற்பது அடி இருக்குமா? அந்த நாற்பது அடிக்கு இந்தப் பக்கம்தான் இவர் உட்கார்ந்து, அவள் எப்போது வருவாள் என்று அவள் வராத பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுது ஓய்ந்து எழுந்தார். எண்ணை நீக்கினார். சேமித்தார். பேக்கப் எடுத்தார், பழைய கோப்பை அழித்தார். பிறகு இன்னொரு வேலையும் செய்தார். ஒரே பெட்டி இரண்டு பெயரில் வைஃபை கொடுக்கும், விருந்தாளிகளுக்கென்று ஒன்று தனியாக வைக்கலாம். அதைத் திறந்து, பாஸ்வேர்டு எதுவும் போடாமல், பெயரை அடித்தார்: "வாலு உள்ள வாம்மா". அந்தப் பக்கம் வந்து யார் போனில் வைஃபையைத் தேடினாலும் அந்தப் பெயர் தெரியும்.

மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பதினொண்ணு இருபத்தஞ்சா போட்டிருக்கு கடைசியா?"

"ஆமா. அப்பதான் கிளம்பியிருக்கா."

"இல்லையே" என்றாள் அவள். "பன்னெண்டு மணிக்கு நான் துணி எடுக்கப் போனேன், அப்பவும் அங்கதான் நின்னா. அதே குடை. நான் துணியை மடிச்சிட்டு இருக்கறப்பதான் பஸ் வந்துச்சு. ஏறறதுக்கு முன்னாடி குடையைச் சாய்ச்சுக்கிட்டு, போனை முகத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சு நம்ம வீட்டைப் போட்டோ எடுத்தா. வீட்டை எதுக்கு எடுக்கறான்னு நெனச்சேன், வேலையில மறந்துட்டேன்."

நெட்டுக்காரர் பட்டியலின் கடைசி வரியை மறுபடி பார்த்தார். பன்னிரண்டு மணி வரை அவள் அங்கே இருந்திருக்கிறாள். போன் அணைந்துபோகவில்லை, சார்ஜ் தீர்ந்துபோகவில்லை, படம் எடுத்திருக்கிறது. வீட்டுக்கு நேரெதிரே நின்ற போன் பதினொன்று இருபத்தைந்துக்குப் பிறகு ஒரு தடவைகூடத் தட்டவில்லை. விடாமல் தட்டுகிற போன், 'இதை மறந்துடு'ன்னு அவளே அழுத்தினால்தான் நிறுத்தும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தானே.

மனைவி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று வருடத்தில் முதல்முறையாக அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது.

"போனது போகட்டும்ங்க. இப்பதான் எடுத்துட்டீங்கல்ல? அடுத்த தடவை வந்து நின்னா அவ போன் தானா ஏறிடும்ல?"

அவர் ஜன்னல் வழியாக பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"ஏறிடும்" என்றார்.